ஒரு மாதிரி

காய்ச்சல் இல்லை.
முப்பத்தைந்து தசம் நான்கு.
நம்பாமல் மறுபடி அக்குளில் வைத்தேன்,
தேமோமீற்றர் அதையே சொன்னது.

இரவு இரண்டேகால்.
டிக்கோயா மழை தகரத்தில்.
சேலைத் தலைப்புக்குள் ஏழு மாதக் கவிஷான்,
கன்னத்தில் கரைந்து வழியும் மைப்பொட்டு.
"பாலு குடிக்கல மிஸ்ஸி.
ஊசி போடுற எடத்துக்கு வந்தா கத்துற புள்ள,
இப்ப அழவுமில்ல.
ஒரு மாதிரியா இருக்கு."

"மொகத கியன்னெ?" என்றார் டொக்டர் இந்துனில்,
என்ன சொல்கிறாள்?

எட்டு வருடமாய் இந்த வாட்டில்
இரண்டு மொழிக்கும் நடுவே நிற்கிறேன்.
வயிற்றோட்டத்துக்குச் சொல் உண்டு, வலிப்புக்கு உண்டு,
எத்தனை தரம் வாந்தி என்பதற்கும் உண்டு.
ஒரு மாதிரிக்கு?
அசனீப என்றால் சுகமில்லை, அமுத்து என்றால் விநோதம்.
இவள் சொல்வது
நேற்று மாலை பிள்ளைக்காம்பராவிலிருந்து தூக்கிவந்தவன்
இவன் இல்லை என்பது.

போன வருடம், ஜூன் மாதம்,
இதே கதவடியில் இதே சொல்லைக் கேட்டு
"காய்ச்சல் இல்லத்தானே, விடியட்டும்" என்றேன்.
அந்தப் பிள்ளையின் பெயரை
இங்கே எழுதமாட்டேன்.

அதனால் மொழிபெயர்க்கவில்லை.
தமிழிலேயே சொன்னேன்: ஒரு மாதிரி.
என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ,
டொக்டர் போர்வையை விலக்கினார்.

பாதம் பைப் தண்ணீர்போல.
முழங்காலில் ஊதா நிறத்தில் வலை,
உறைபனி கருக்கிய கொழுந்தின் நரம்பு மாதிரி.
நெஞ்செலும்பில் விரலை ஐந்து எண்ணும்வரை அழுத்தி
எடுத்தார்.
வெள்ளையாய் ஒரு பொட்டு.

ஒன்று.
இரண்டு.
மூன்று.
அம்மா வைத்த கறுப்பு கரைந்துபோக
நாங்கள் வைத்த வெள்ளை அழியாமல் நிற்கிறது.
நான்கு.
ஐந்து.

அப்புறம் ஓட்டம்.
ஒட்சிசன். சீனி பார்க்க ஒரு துளி.
கையில் நரம்பு கிடைக்கவில்லை, காலில் இல்லை,
தலையைச் சிரைத்துத் தேடவும் நேரம் இல்லை.
முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஊசி.
வெளியே போகச் சொன்னோம் பிரசாந்தினியை, போகவில்லை.
"நா புடிச்சிக்கிறேன்."
கொழுந்துச் சாறேறிக் கறுத்த இரு விரல்கள்
குதிகாலைப் பிடித்தன. நடுங்கியது
என் கைதான்.

முதலில் இரத்தம், வளர்த்துப் பார்க்கும் போத்தலுக்கு.
எந்தக் கிருமி என்று தெரிய இரண்டு நாள்.
அதுவரை பெயர் தெரியாதவனோடு சண்டை.
வெள்ளைத் தூளைக் கரைத்தேன்,
ஆறு கிலோ இருநூறுக்குக் கணக்குப் போட்டு,
டொக்டரும் தனியாகப் போட்டார், ஒன்றாக வந்தது.
செஃப்ட்ரையக்ஸோன், இரண்டு ஐம்பத்திரண்டு.
சேலைன் அறுபத்திரண்டு மில்லி, கையால் தள்ளி.
நெஞ்சில் விரல். நான்கு.
இன்னொரு அறுபத்திரண்டு.
ஈரலைத் தடவி, மூச்சைக் கேட்டு,
மறுபடி விரல்.
மூன்று.

ஐந்தரைக்கு அழுதான்.
என்ன அழுகை!
அடுத்த கட்டிலில் தூக்கம் கலைந்த பெண்
"அதட்டுங்க அந்தப் புள்ளய" என்றாள்.
நானும் டொக்டரும் ஒருவரையொருவர் பார்க்காமல்
சிரித்தோம்.

"மிஸ்ஸி, ஏழு மணிக்குப் பேர் போடணும்,
தொரைக்குக் காட்ட துண்டு ஒண்ணு தருவீங்களா?"
தந்தேன்.
பத்து நாள் என்று எழுதினேன்.
பத்து நாள் கூலியை அவள் மனதில் கூட்டுவது
எனக்குக் கேட்டது.

தப்பிவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை.
போத்தல் இன்னும் பேசவில்லை.
அட்மிஷன் தாளில் 'முறைப்பாடு' என்ற கோட்டில்
பால் குடிக்கவில்லை, சோர்வு என்று
அவர்கள் வாசிக்கும் எழுத்தில் எழுதி
ஓரத்தில் தமிழில் இரண்டு சொல் வைத்தேன்.
காலைச் சுற்றில் பெரிய டொக்டர் கேட்பார்,
கேட்கட்டும்.

நோர்வூட் பஸ்ஸில் இருக்கை இல்லை.
கம்பியை இறுகப் பிடித்திருந்த விரலில்
நகம் வெளுத்திருந்தது.
விட்டேன்.
எண்ணினேன்.